ஒற்றைக்காலில் நின்றவர்

'ஒற்றைக்காலில் நிற்கிறான்' என்று நம்மவர் சொல்வதுண்டு. எடுத்த காரியத்தை விட்டுக்கொடாது பிடிவாதமாக நிற்பவனைக் குறித்த வழக்கு அது. சொல்லாலும் பொருளாலும் அவ்வழக்குக்கு முற்றும் பொருந்திய மனிதர் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் பேர்ட் ஷெப்பர்ட். பேஸ்போல் என்னும் ஆட்டத்திலே பந்தெறிவது அவரது தொழில். அந்நாட்டின் முதற்றர அணிகள் பொருதும் போட்டித் தொடரில் அவர் பந்தெறிந்தது வாழ்நாளில் ஒரேயொரு முறைதான். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வரிசையில் அவர் பெயர் இல்லை. எனினும், அந்த ஒரு நாளின் வரலாறு நம் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியதொன்று.

ஷெப்பர்ட் 1920ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்திலுள்ள டேனா என்ற சிற்றூரில் பிறந்தவர். இடக்கையால் பந்தெறிபவர். யுத்தத்துக்கு முன்னர் சிறிய தொழில்முறை அணிகளில் ஆடி, பெரிய அணியொன்றில் இடம்பெறும் நாளை எதிர்பார்த்திருந்தார். அதற்குள் இரண்டாவது மகாயுத்தம் அவரை விமானப் படைக்கு அழைத்துக்கொண்டது. இங்கிலாந்திலிருந்து புறப்படும் 'லைட்னிங்' என்ற போர்விமானத்தின் விமானியானார்.

1944ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, தமது 34ஆவது போர்ப் பயணத்தில், வட ஜேர்மனியின் மேல் தாழப் பறக்கையில், தரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டு அவரது வலக்காலைத் தாக்கியது. விமானம் வயலொன்றில் வீழ்ந்து நொறுங்கியது. குண்டுவீச்சினால் வெகுண்டிருந்த கிராமத்தவர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவ்வேளை அங்கு விரைந்து வந்து, அவர்களிடமிருந்து அவரை மீட்டு, வைத்தியசாலையிற் சேர்ப்பித்தவர் ஜேர்மன் விமானப் படையில் மருத்துவராயிருந்த லடிஸ்லாஸ் லொய்டில் என்ற ஆஸ்திரியர். பகைவனாயினும் நோயாளி நோயாளியே என்பது அம்மருத்துவரின் நெறி போலும். ஷெப்பர்ட் நினைவு திரும்பிக் கண்விழித்தபோது முழங்காலின் கீழே வலக்கால் துண்டிக்கப்பட்டிருந்தது. தம்மைக் காத்தவர் யாரென்பதை அன்று அவர் அறியார்.

சிறைமுகாமில் அவருடனிருந்த டொன் எர்ரி என்ற கனேடியக் கைதி, அகப்பட்ட பொருள்களைக் கொண்டே அவருக்கு ஒரு செயற்கைக் கால் செய்து கொடுத்தார். அதை அணிந்து நடக்கப் பழகிய ஷெப்பர்ட், நடை கைவந்ததும் செய்த காரியம் என்ன தெரியுமா? பந்தைக் கையிலெடுத்து எறிந்து பழகத் தொடங்கியதுதான்!

இதன் அருமையை உணர அந்த ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கிரிக்கெட்டிலே பந்துவீச்சாளர் ஓடிவந்து, முழங்கை மடங்காது, பந்தை நிலத்திற் படவிட்டு வீசுவார். பேஸ்போலிலோ பந்தெறிபவர் சிறு மண்மேட்டில் நின்றபடி, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலுள்ள இலக்கை நோக்கி, நிலத்திற் படாமலே எறிவார். இடக்கையால் எறிபவர் இடக்காலை ஊன்றி உந்தி, வலக்காலை நீள முன்வைப்பார். எறியின் வேகமும் உடலின் பாரமும் ஒருசேர அவ்வலக்காலிலேயே வந்திறங்கும். ஷெப்பர்ட் இழந்தது அந்தக் காலைத்தான். அன்றியும், மட்டை பிடிப்பவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டால் பந்தெறிபவரே பாய்ந்தோடி எடுக்க வேண்டும். செயற்கைக் காலுடன் இவையனைத்தும் செய்வதென்றால் எத்தனை நாட் பயிற்சி வேண்டும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கைதிகள் பரிமாற்றத்தின் பயனாக 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தாயகம் மீண்டார். வாஷிங்டனிலுள்ள வோல்டர் றீட் இராணுவ வைத்தியசாலையில் இருந்தபோது, யுத்தத் திணைக்களத்தின் துணைச் செயலாளர் ரொபேட் பற்றர்சன் அவரைச் சந்தித்து, இனி என்ன செய்ய விரும்புகிறீர் என வினவினார். பேஸ்போல் ஆட வேண்டும் என்றார் ஷெப்பர்ட். வியப்புற்ற பற்றர்சன், வாஷிங்டன் செனற்றர்ஸ் அணியின் உரிமையாளர் கிளார்க் கிறிபித்துடன் பேசினார். அணியினர் அவரது எறியைச் சோதித்துப் பார்த்தனர், பயிற்றுநராகச் சேர்த்துக்கொண்டனர். சக ஆட்டக்காரரின் பயிற்சிக்காகப் பந்தெறிவது அவர் வேலையாயிற்று. கண்காட்சி ஆட்டங்களிலும் இடம் கிடைத்தது. ஆனால், வெற்றிதோல்வி கணக்கில் ஏறும் ஆட்டத்துக்கு அழைப்பு வரவில்லை.

அந்த அழைப்பு 1945 ஓகஸ்ட் 4ஆம் திகதி வந்தது. பொஸ்டன் றெட் சொக்ஸ் அணிக்கெதிராக அன்று நடந்த இரு ஆட்டங்களில் இரண்டாவது அது. நான்காவது இனிங்ஸில் மாத்திரம் பொஸ்டன் அணி 12 ஓட்டங்களைக் குவித்துவிட்டது. இருவர் ஆட்டமிழந்திருந்தனர், மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றனர். ஆட்டம் கைவிட்டுப் போன அந்த நிலையிலேதான் ஷெப்பர்ட் மண்மேட்டில் ஏறினார். அவரை எதிர்கொண்டவர் ஜோர்ஜ் மெற்கோவிச். மூன்று நல்ல எறிகளை அடிக்கத் தவறியவர் ஆட்டமிழப்பது விதி. மெற்கோவிச் அவ்வாறே ஆட்டமிழந்தார். அரங்கில் கரகோஷம் எழுந்தது.

அத்துடன் ஷெப்பர்ட் விலகவில்லை. ஆட்டம் முடியும்வரை அவரே எறிந்தார். மொத்தம் 16 விக்கெட்டுகள் எனக் கிரிக்கெட் முறையிற் சொல்லலாம். அத்தனையும் வீழும்வரை அவர் விட்டுக்கொடுத்தது மூன்று நல்லடிகளும் ஒரேயோர் ஓட்டமுமே. அவரது அணி 15க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. ஆனால், அத்தோல்வியில் அவருக்குப் பங்கில்லை என்பதை ஓட்டப் பதிவேடே கூறும்.

அதன் பின்னர் பெருந்தொடரில் ஷெப்பர்ட் ஒரு பந்தும் எறியவில்லை. அம்மாத இறுதியில், அதே மைதானத்தில், விமானிகளுக்குரிய வீரப் பதக்கம் அவருக்குச் சூட்டப்பட்டது. பதக்கம் கிடைத்தது, பந்து கிடைக்கவில்லை. நிர்வாகத்தினரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. செனற்றர்ஸ் அணி அவ்வாண்டு முதலிடத்துக்காகக் கடும்போட்டியில் ஈடுபட்டிருந்தது. இறுதியில் டெற்றோயிட் அணிக்கு மிக அண்மையில் இரண்டாமிடம் பெற்றது. அத்தகைய வேளையில் எவரும் துணிந்து பரீட்சை செய்யார். யுத்தம் முடிந்ததும் பழைய ஆட்டக்காரர் பலர் திரும்பி வந்தனர். போட்டி மேலும் இறுகிற்று.

ஆயினும், ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வெல்ல முடியாத ஆட்டத்தில் அவரை அனுப்பியவர்கள், அவர் திறம்பட எறிந்த பின்னராவது, அவரை ஓர் ஆட்டக்காரராகக் கண்டார்களா? அன்றி, மக்கள் கண்டு மனமுருகும் காட்சிப்பொருளாக மாத்திரம் கண்டார்களா? இரக்கத்தினால் அளிக்கப்படும் வாய்ப்பு கரகோஷத்துடன் முடிந்துவிடுகிறது. திறமையை மதித்து அளிக்கப்படும் வாய்ப்போ இரண்டாவது வாய்ப்புக்கு வழி செய்கிறது. ஷெப்பர்ட் திறமையைக் காட்டினார், பெற்றது முந்தியதையே.

அதனால் அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. காலில் மீண்டும் சத்திரசிகிச்சை நடந்தது. சிறிய அணிகளில் ஆடினார். 1949இல் வாட்டபெரி நகர அணிக்கு ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் இருந்தார். பிற்காலத்தில் கோல்ஃப் ஆட்டத்தில் ஈடுபட்டு, அங்கமிழந்தோருக்கான தேசிய வெற்றிப்பட்டத்தை 1968இலும் 1971இலும் பெற்றார்.

1993ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. தம்மைக் காத்த லொய்டில் உயிருடன் இருக்கிறார் என்பதையறிந்து, 49 ஆண்டுகளின் பின் ஷெப்பர்ட் அவரைச் சென்று கண்டார். ஒருகாலத்துப் பகைவர்கள் முதியவர்களாய்க் கைகோத்து நின்றனர். 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஷெப்பர்ட் காலமானார்.

பகைநாட்டு மருத்துவர் உயிரளித்தார். சக கைதி காலளித்தார். அதிகாரி ஒருவர் பரிந்துரைத்தார். இத்தனை பேர் துணைநின்றும் மண்மேட்டில் ஏறியபின் பந்தை எறிய வேண்டியவர் அவர் ஒருவரே. முயல்வோர்க்குப் பிறர் துணை இழுக்கல்ல என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணரலாம். பெரியோராகிய நமக்குரிய பாடம் வேறு. யுத்தத்தில் அங்கமிழந்தோர் பலர் வாழும் நாடு நம் நாடு. அவர்களுள் ஒருவர் வேலை கேட்டு வரும்போது அவரது காலைப் பார்த்துக் கண்ணீர் சிந்துவது எளிது. அவரது கையிலுள்ள தொழிலைப் பார்த்து, இன்றைக்கு மாத்திரமன்றி நாளைக்கும் வருக என்று சொல்வதே அரிது. அந்த அரிய சொல்லைத்தான் ஷெப்பர்ட் 1945இல் எதிர்பார்த்து நின்றார்.