மோஷன் பிளர் எல்லாவற்றையும் அழிப்பதில்லை

இன்னைக்கு ஃபோட்டோஷாப்ல ரெண்டு ஃபில்டர் பார்க்கப் போறோம்: ஆட் நாய்ஸ், மோஷன் பிளர். லிஃப்ட் கதவுல மெல்லிசா கோடு ஓடுற ஸ்டீல் இருக்குமே, அந்த டெக்ஸ்ச்சரை இந்த ரெண்டையும் வெச்சே உருவாக்கிடலாம். கிம்ப்லயும் முடியும், அங்கே பிளரோட பேர் லீனியர் மோஷன் பிளர்.

முதல்ல ஒரு லேயரை நடுத்தரச் சாம்பல் நிறத்தால நிரப்புங்க. ஆட் நாய்ஸ்ல மோனோக்ரோமேட்டிக்கை டிக் பண்ணுங்க. இல்லேன்னா கலர் கலரா புள்ளி வரும். அப்புறம் மோஷன் பிளர்: ஆங்கிள் 0, டிஸ்டன்ஸ் 100 பிக்சல். புள்ளிகள் எல்லாம் படுக்கைக் கோடுகளா மாறிடும்.

ஏன் கோடு வருது? மோஷன் பிளர் ஒவ்வொரு பிக்சலுக்கும், நாம சொன்ன திசையில் இருக்கும் பிக்சல்களின் சராசரியை எடுத்து வைக்கிறது. இடமும் வலமும் கலக்கும். ஆனா ஒரு வரிசை மேல் வரிசையோடயோ கீழ் வரிசையோடயோ கலக்காது. அந்த வரிசை வித்தியாசம்தான் நமக்குக் கோடா தெரியுது.

கோடு ரொம்ப மங்கலா இருக்கா? அதுக்கும் சராசரிதான் காரணம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 100 புள்ளிகளின் சராசரியை எடுத்தால், ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 25 புள்ளிகள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. வர்க்கமூலக் கணக்கு, அவ்வளவுதான். அதனால நாய்ஸைத் தாராளமா போடுங்க, பிளருக்கு அப்புறம் லெவல்ஸ்ல கான்ட்ராஸ்ட்டை ஏத்துங்க. ரெண்டு ஓரத்துலயும் சராசரி எடுக்கப் பிக்சல் பத்தாம கோடு இழுத்த மாதிரி வரும். கேன்வாஸைக் கொஞ்சம் பெருசா எடுத்து, கடைசியில கிராப் பண்ணிடுங்க.

இந்தக் கணக்கு புரிஞ்சா, இன்னொரு இடத்துல உஷாரா இருப்பீங்க. ஸ்கிரீன்ஷாட்ல அக்கவுன்ட் நம்பர் மேல மோஷன் பிளர் போட்டு குரூப்ல அனுப்புறோம். நம்ம கண்ணுக்குப் படிக்க முடியலைங்கிறதுக்காக நம்பர் அழிஞ்சிடலை, சராசரியா உள்ளேயே இருக்கு. இலக்கங்கள் மொத்தமே பத்து. அதே ஃபான்ட்ல வெவ்வேறு நம்பர்களை எழுதி, அதே பிளரைப் போட்டு, எது பொருந்துதுன்னு ஒரு சின்ன புரோகிராம் தேடிப் பார்க்க முடியும்.

அழகுக்கு பிளர் போடுங்க. மறைக்கணும்னா முழுக் கறுப்புப் பெட்டி போட்டு, பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புங்க. பிஎஸ்டி ஃபைலை அப்படியே அனுப்பினா, பெட்டி லேயரை யார் வேணா நகர்த்திடலாம்.