ஆற்றங்கரை முகாமுக்குப் பின் வரும் காய்ச்சல்: எலிக்காய்ச்சலை அறிந்துகொள்ளுங்கள்

வார இறுதியில் ஆற்றங்கரையில் கூடாரம் அமைத்துத் தங்கி வந்த சில நாள்களில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ திடீர்க் காய்ச்சல் ஏற்பட்டால், அது லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் இந்நோயைக் குணப்படுத்தலாம். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியன பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எவ்வாறு தொற்றுகிறது?

லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா, எலி, மாடு, பன்றி, நாய் முதலிய விலங்குகளின் சிறுநீர் வழியாக வெளியேறி, ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும். காயம், சிராய்ப்பு, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியே அது உடலுக்குள் நுழைகிறது. கனமழைக்கும் வெள்ளத்திற்கும் பின்னர் ஆபத்து மிகுதி. எனினும், நீர் தெளிவாகத் தோன்றுவதனாலேயே அது பாதுகாப்பானது எனக் கருதலாகாது.

2000ஆம் ஆண்டில் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு சாகசப் பந்தயம் நடைபெற்றது. அதில் பங்கேற்றவர்களுள் ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேர் இந்நோய்க்குரிய அறிகுறிகளுக்கு ஆளாகியிருந்தனர். செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே பாதிப்பு மிகுந்திருந்தது.

அறிகுறிகள் யாவை?

அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் தோன்றும். சிலருக்கு 30 நாள்கள் வரையும் ஆகலாம்.

• குளிர் நடுக்கத்துடன் கூடிய கடுங்காய்ச்சல், தலைவலி
• கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் தசைவலி
• பீளை இன்றிக் கண்கள் சிவத்தல்
• வாந்தி, வயிற்றுப்போக்கு

காய்ச்சல் தணிந்து, சில நாள்களில் மீண்டும் தீவிரமாகத் திரும்பலாம். ஆகவே, காய்ச்சல் விட்டது என எண்ணிச் சிகிச்சையைக் கைவிடாதீர்கள்.

மருத்துவரிடம் கூற வேண்டியது

தொடக்க நிலையில் இந்நோய் டெங்கு, மலேரியா, ஃப்ளூ ஆகியவற்றை ஒத்திருக்கும். எனவே, ஆற்றில் இறங்கிய நாளையும், உடலில் காயம் இருந்ததா என்பதையும் மருத்துவர் கேட்கும் முன்னரே கூறுங்கள். இத்தகவல் கிடைத்தால், பரிசோதனை முடிவு வரும் முன்பே அவர் உரிய ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்க இயலும். வலிநிவாரணி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். அவற்றுட் சில சிறுநீரகத்தை மேலும் பாதிக்கக்கூடும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

பின்வருவனவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவையெனில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

• கண்ணும் தோலும் மஞ்சளாதல்
• சிறுநீர் குறைதல்
• மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம்
• மனக்குழப்பம், மயக்கம்

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மிக அரிது. ஆதலால் நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

முகாமில் கடைப்பிடிக்க வேண்டியவை

• காயம் இருப்பின் ஆற்றில் இறங்குவதைத் தவிருங்கள். தவிர்க்க இயலாதெனில், நீர் புகாத கட்டு அணியுங்கள். நீரிழிவு நோயாளிகள் பாதங்களை நாள்தோறும் சோதித்துக்கொள்வது நன்று.
• வெறுங்காலுடன் சேற்றில் நடக்காதீர்கள்.
• ஆற்றுநீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே பருகுங்கள்.
• உணவை மூடிய கலங்களில் வையுங்கள். மிச்ச உணவைக் கூடாரத்தின் அருகே கொட்டாதீர்கள். அது எலிகளை ஈர்க்கும்.
• முகாம் முடிந்ததும் சோப்பிட்டுக் குளியுங்கள்.

முகாம் சென்றுவந்த தேதியைக் குறித்துவைத்து, அடுத்த ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் வந்தால் தாமதமின்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.