இழுவைக் கேரவன்: எடைக் கணக்கும் மலைச்சாலையும்

இழுவைக் கேரவன் என்பது காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லப்படும், தங்கும் வசதி கொண்ட வண்டி ஆகும். தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றால் திரைப்படப் படப்பிடிப்புகளில் நிற்கும், சொந்த இயந்திரம் கொண்ட வண்டியே பலருக்கு நினைவுக்கு வரும். இழுவைக் கேரவனுக்கு இயந்திரம் கிடையாது. அதன் எடை முழுவதையும் இழுப்பதும் அடக்குவதும் முன்னால் செல்லும் வாகனமே. எனவே இதைச் சொந்தத் தேவைக்கேற்பப் பாடி கட்டுபவர்கள், உள்ளமைப்பைத் தீர்மானிக்கும் முன் எடையைத் தீர்மானிக்க வேண்டும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரச் சாலைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

காலி எடையும் சாலை எடையும்

பட்டறையிலிருந்து வெளிவரும்போது உள்ளது காலி எடை. தண்ணீர், எரிவாயு உருளை, துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏறிய பின் உள்ளது சாலை எடை. காரின் திறனோடு ஒப்பிட வேண்டியது சாலை எடையையே.

ஒரு கேரவனின் காலி எடை 1000 கிலோ எனக் கொள்வோம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. 14.2 கிலோ வாயு நிரப்பிய வீட்டு உருளை, இரும்புக் கூட்டுடன் சேர்த்துச் சுமார் 30 கிலோ. மின்கலங்கள் 50 கிலோ, பிறகு பொருத்தும் குளிர்சாதனம் முதலியவை 70 கிலோ, நால்வரின் பயணப் பொருள்கள் 150 கிலோ. மொத்தம் 1400 கிலோ.

பிரிட்டனில் புதிய ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் உண்டு. கேரவனின் சாலை எடை, காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதே அது. 1600 கிலோ காருக்கு இந்த வரம்பு 1360 கிலோ. காலி எடையைப் பார்த்தபோது எளிதாகத் தோன்றிய கேரவன், இப்போது வரம்பைத் தாண்டிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துப் பயணம் செய்து, சேருமிடத்தில் நிரப்பினால் எடை 1300 கிலோவாகக் குறையும். கார் உற்பத்தியாளர் தரும் இழுவை வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே இறுதியானது. கையேட்டில் வரம்பு இல்லையெனில் உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனுக்கும் இதே விதிதான். சாலை எடையில் ஒரு பங்கு கொக்கியின் மீது இறங்க வேண்டும். ஐரோப்பாவில் 5 முதல் 7 விழுக்காடும், அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடும் வழக்கில் உள்ளன. 1300 கிலோவில் 10 விழுக்காடு என்றால் 130 கிலோ. இது காரின் பின் அச்சில் ஏறும் சுமை. காரில் ஏற்றும் பாரத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பின்பாரம் கூடிய கேரவன் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பலமாக வீசுவதாலேயே தென்காசி வட்டாரத்தில் காற்றாலைகள் உள்ளன. குற்றாலச் சீசனும் அதே மாதங்களில்தான் வருகிறது. உயரமான பக்கச் சுவர் கொண்ட கேரவனை இந்தக் குறுக்குக்காற்று தள்ளும்போது, பாரம் தவறாக இருந்தால் ஆட்டம் பெரிதாகும். ஆகவே தொட்டி, மின்கலம் போன்ற கனமானவற்றை அச்சுக்கு அருகிலும் தாழ்வாகவும் அமைக்க வேண்டும். கட்டி முடித்த பின் இவற்றை இடம் மாற்றுவது கடினம்.

ஏற்றமும் இறக்கமும்

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் இல்லை. செங்கோட்டையைக் கடந்து புளியரை எஸ் வளைவு வழியே ஆரியங்காவுக்கு ஏறும்போது நிலைமை வேறு. 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், 1300 கிலோ கேரவன் ஏறத்தாழ 78 கிலோ விசையுடன் பின்னுக்கு இழுக்கும். இறங்கும்போது அதே விசை காரை முன்னுக்குத் தள்ளும். ஏற்றத்தில் திறன் போதாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை வண்டிக்குத் தனி பிரேக் கட்டாயம். கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னே தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக் ஒரு வகை. காரிலிருந்து மின்சாரத்தால் இயக்கப்படுவது மற்றொரு வகை. எதுவாயினும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குவதே பாதுகாப்பு. மழையில் நனைந்த வளைவுகளில் இது இன்னும் முக்கியம்.

கட்டும் முன்னும் பின்னும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 தரும் ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையில் இழுவை வண்டியும் அடங்கும். ஆகவே பதிவு, காப்பீடு ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது. பட்டறையுடன் செய்யும் ஒப்பந்தத்தில் காலி எடையின் உச்ச அளவை எழுதிக்கொள்ள வேண்டும். ஒட்டுப்பலகைக்குப் பதில் அலுமினியத் தகடும் இலேசான நுரைப் பலகையும் பயன்படுத்தினால் எடை குறையும்.

கடைசிச் சோதனை எளியது. எல்லாப் பொருள்களையும் ஏற்றி, லாரிகள் எடை போடும் எடைமேடையில் கேரவனை மட்டும் நிறுத்தி ஒரு முறையும், காருடன் பூட்டி ஒரு முறையும் எடை போட வேண்டும். அந்த ரசீதில் உள்ள எண்ணே உண்மையான சாலை எடை.