பெங்களூர் மதுக்கூட உலாவும் தங்கவயல் நடையும்

பெங்களூருக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு புதுப் பழக்கம். வழிகாட்டிக்குப் பணம் கட்டி, முன்பின் அறியாதவர்களோடு குழுவாகச் சேர்ந்து, ஒரே மாலையில் மூன்று நான்கு மதுக்கூடங்களுக்குப் போய் வருகிறார்கள். புது ஊரில் துணை கிடைக்கிறது. விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளும் இதில் சேர்கிறார்கள். சேர்வோர் வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும். இடையிடையே தண்ணீர் குடிக்கட்டும். திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டாம்.

மறுநாள் அவர்களை மாரிக்குப்பம் ரயிலில் ஏற்றுங்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் கோலார் தங்க வயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தபின், வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்த ஊர் அது. துரைமார்களுக்கு கிளப் இருந்தது. நம்மவர்களுக்குச் சாராயக்கடையும் கள்ளுக்கடையும். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த வெக்கையில் வேலை முடித்து மேலே வந்தவன் உடல்வலி மறக்கக் குடித்தான். சம்பள நாளில் கடையில் போனது போக மீதியில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. 2007-இல் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். உறவினர் ஒருவரையே வழிகாட்டியாகக் கொண்டு, பழைய லைன் வீடுகள் வழியே பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். யார் எங்கே குடித்தார்கள், அதற்கு வீட்டிலிருந்த பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்ல அவர்களுக்கும் ஆள் வேண்டும்.