மூன்று நாயகிகள், ஒரே குரல்: யார் இந்த மார்னி நிக்சன்?

'தி கிங் அண்ட் ஐ' (1956), 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961), 'மை ஃபேர் லேடி' (1964). ஹாலிவுட் இசைப்படங்கள் என்றதும் நினைவுக்கு வரும் இந்த மூன்றிலும் நாயகிகள் வேறு வேறு: டெபோரா கெர், நடாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன். ஆனால் அவர்களின் பாடல்களில் பெரும்பகுதியைப் பாடியவர் ஒருவரே. அவர் மார்னி நிக்சன். படங்கள் வெளிவந்தபோது மூன்றின் டைட்டிலிலும் அவர் பெயர் இல்லை.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்த கதை

1930இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் மார்னி. நான்கு வயதிலேயே வயலின் கற்கத் தொடங்கினார். சுருதி எடுத்துக் கொடுக்காமலே எந்த ஸ்வரத்தையும் துல்லியமாகப் பிடிப்பார். இசைக்குறிப்பைக் கையில் கொடுத்தால் பார்த்தவுடன் பாடிவிடுவார். பதின்வயதில் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் தபால், தகவல் கொண்டுசெல்லும் வேலை பார்த்தார். அங்கேயே, 'தி சீக்ரெட் கார்டன்' (1949) படத்தில் குழந்தை நட்சத்திரம் மார்கரெட் ஓ'பிரையனுக்குக் குரல் கொடுத்தார்.

குரலால் நடிப்பது எப்படி?

இனிமையாகப் பாடினால் மட்டும் இந்த வேலை நடக்காது. நாயகி பேசிக்கொண்டே பாட்டுக்குள் நுழையும்போது குரல் மாறியது தெரியக் கூடாது. 'தி கிங் அண்ட் ஐ' படத்துக்காக மார்னியும் டெபோரா கெரும் வாரக்கணக்கில் அருகருகே நின்று ஒத்திகை பார்த்தார்கள். கெரின் உச்சரிப்பு, மூச்சு விடும் இடம், முகபாவம் எல்லாவற்றையும் மார்னி கவனித்துத் தன் குரலில் கொண்டுவந்தார். அப்படத்துக்குப் பதிவான ஒரு பாடலில் பேச்சு போலப் போகும் வரிகள் கெருடையவை. குரல் மேலேறும் இடங்கள் மார்னியுடையவை. அந்தப் பாடல் படத்தில் இடம்பெறவில்லை, இசைத்தட்டில் இருக்கிறது.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் வேலை இன்னும் கடினம். தன் குரலே படத்தில் வரும் என்று நம்பித்தான் நடாலி வுட் பாடினார், அதற்கு வாயசைத்து நடித்தார். படப்பிடிப்பு முடிந்த பிறகே மார்னியின் குரல் என்று முடிவானது. ஏற்கெனவே படமாகிவிட்ட உதட்டசைவுக்குள் ஒவ்வொரு எழுத்தையும் மார்னி பொருத்த வேண்டியிருந்தது. அதே படத்தில் ஐவர் சேர்ந்து பாடும் பகுதியில் ரீட்டா மொரினோவின் வரிகளையும் அவரே பாடினார். 'மை ஃபேர் லேடி'யில் ஹெப்பர்னின் சொந்தக் குரல் சில இடங்களில் அப்படியே விடப்பட்டது. ஒரே பாட்டில் ஹெப்பர்ன் விட்ட இடத்தில் மார்னி தொடர வேண்டும், அதுவும் லண்டன் பூக்காரப் பெண்ணின் கொச்சை வழக்கில்.

ஏன் மறைத்தார்கள்?

நட்சத்திரமே பாடுகிறார் என்று ரசிகர்கள் நம்ப வேண்டும் என்பது ஸ்டூடியோக்களின் வியாபாரக் கணக்கு. உண்மையை வெளியே சொன்னால் இனி இந்த ஊரில் வேலை கிடைக்காது என்று மார்னி எச்சரிக்கப்பட்டார். முதலில் பத்திரிகையிடம் உண்மையைச் சொன்னவர் டெபோரா கெர்தான். பெயரில்லாவிட்டால் பணமும் இல்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு அமோகமாக விற்றபோதும் மார்னிக்கு ராயல்டி கிடையாது. இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து ஒரு சிறு பங்கைக் கொடுத்தார். அது ஒரு கலைஞரின் நேர்மை. கட்டாயப்படுத்த எந்த விதியும் இருக்கவில்லை.

சொந்த முகத்தோடு

மார்னி திரைக்குப் பின்னால் முடங்கிவிடவில்லை. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் சிஸ்டர் சோஃபியாவாக நடித்தார். மேடையில் 'மை ஃபேர் லேடி'யின் நாயகி எலைசாவாகவும் நடித்தார். சியாட்டிலில் 'பூமராங்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியை நடத்தி நான்கு எம்மி விருதுகள் வென்றார். நவீன இசையமைப்பாளர் வெபர்னின் கடினமான படைப்புகளையும் இசைத்தட்டில் பாடினார். டிஸ்னியின் 'முலான்' (1998) படத்தில் பாட்டிக்குப் பாடும் குரல் அவருடையது. 2016இல், 86 வயதில் காலமானார்.

இரவல் குரலால் அந்த நாயகிகளின் பெருமை எள்ளளவும் குறையவில்லை. உண்மை தெரிந்த பிறகும் உலகம் அந்தப் படங்களை விரும்பித்தான் பார்க்கிறது. அப்படியானால் மறைத்ததில் யாருக்கும் லாபமில்லை. நஷ்டம் மார்னிக்கு மட்டும்தான். திரையில் பெயர் போடுவது பாராட்டு அல்ல, கூலியின் ஒரு பகுதி. குரல் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அது முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும்.