சென்னை ஆட்சியில் இருந்த ஃபோர்ட் கொச்சி

எர்ணாகுளம் படகுத் துறையில் ஃபோர்ட் கொச்சிக்குப் படகு ஏறும் தமிழர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1956 வரை அந்த ஊர் சென்னை ஆட்சியில் இருந்தது!

மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி மகாராஜாவின் சீமை. 1795-ல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டைப் பகுதியோ, பின்னர் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது.

சின்னஞ்சிறு நகராட்சி

1866-ல் இங்கு நகராட்சி ஏற்பட்டது. பரப்பு சுமார் ஒரு சதுர மைல்தான். 1901-ம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள்தொகை 19,274. மாநிலச் சீரமைப்பில், 1956 நவம்பர் 1-ந் தேதி ஊர் கேரளத்துக்குப் போயிற்று. 1967-ல் மூன்று நகராட்சிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவாயிற்று.

கஞ்சியும் கயிறும்

டச்சுச் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்று இங்குள்ள தமிழ் வண்ணார் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தோபிகானாவில் இன்றும் கல்லில் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்குக் கயிற்றில் துணியைச் செருகி உலர்த்துகிறார்கள். ஆனால் வீடுதோறும் சலவை இயந்திரம் வந்துவிட்டது. பிள்ளைகளும் வேறு வேலை தேடிப் போகிறார்கள்.

பிழைக்க வந்தவர்கள் என்று தமிழரைச் சொல்வது எளிது. இவர்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால், நகராட்சி பிறப்பதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் கொச்சிக்காரர்கள்!