வேப்பிலை நானோ துணியா? உஷார்!

"வேப்பிலை நானோ! நூறு சதவீதம் இயற்கை! கிருமியே அண்டாது!" சாக்ஸ், பனியன், குழந்தைத் துணி, நாப்கின் என்று எதை எடுத்தாலும் இந்த வாசகம். படித்ததுமே கை பர்ஸுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள்!

அந்தத் துணியில் கிருமியைக் கொல்வது வேப்பிலை இல்லை. பெரும்பாலும் வெள்ளி!

வேப்பிலைச் சாற்றை சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றுவார்கள். இலையில் உள்ள பொருட்கள், கரைந்திருக்கும் வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைசல் பழுப்பாகும். அதில் துணியை முக்கி உலர்த்துவார்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 2004-லேயே வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்துவிட்டார்கள். அருமையான ஆராய்ச்சி, மறுக்கவே மாட்டேன். ஆனால் இலை வெறும் செய்முறைக்குத்தான். உங்கள் தோலில் படுவது உலோகம்.

தெரிந்த குடும்பத்தில் ஒரு பெரியவர். பல வருஷமாகச் சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருந்தது. "கிருமி அண்டாத சாக்ஸ்தானே" என்று துவைக்காமல் நாள் கணக்கில் போட்டிருக்கிறார். வாடை இல்லை, அதனால் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. விரல் இடுக்கில் வியர்வை ஊறி, தோல் வெளுத்து, வெடித்து, சீழ் பிடித்துவிட்டது. வலியே தெரியவில்லை! சாக்ஸ் நுனி புண்ணோடு ஒட்டிக்கொண்டதை மகள் பார்த்தபிறகுதான் ஆஸ்பத்திரி. வாரக்கணக்கில் டிரஸ்ஸிங். விரல் தப்பியதே பெரிசு.

'99.9 சதவீதம் கிருமி சாகும்' என்கிறார்களே, அது ஆய்வகக் கணக்கு. குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களைத் துணியில் விட்டு, பொதுவாக 18 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து எண்ணுவது. தொட்டதும் சாகும் என்று அர்த்தமே இல்லை!

துவைத்தால்? 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடையில் விற்ற வெள்ளி நானோ சாக்ஸ்களை அலசிப் பார்த்தார்கள். ஒன்று நாலே அலசலில் கிட்டத்தட்ட மொத்த வெள்ளியையும் விட்டுவிட்டது. இன்னொன்று அவ்வளவாக விடவில்லை. வேப்பிலையில் செய்தாலும், துணியில் சரியாகப் பிடிக்க வைக்காவிட்டால் இதே கதிதான். நீங்கள் கொடுத்த காசு சாக்கடையில். அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் இருக்கிறது. நல்லது எது, கெட்டது எது என்று வெள்ளிக்குத் தெரியாது.

'மூலிகை நானோ' என்று போட்டு, எந்த உலோகம் என்று சொல்லவில்லையா? வாங்காதீர்கள். எத்தனை சலவை தாங்கும், ஏஏடிசிசி 100 அல்லது ஐஎஸ்ஓ 20743 என்ற கிருமி எதிர்ப்புச் சோதனை முடிந்ததா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் நகருங்கள். முதல் சலவையிலேயே தண்ணீர் பழுப்பாகிறதா? அந்தத் துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள். 'துவைக்கவே வேண்டாம்', 'சொறி, படை குணமாகும்' என்று சொன்னால் இன்னும் மோசம். புண்ணுக்கு மருத்துவர்தான், பனியன் இல்லை!

கடைசியாக, இதுதான் எனக்கு ரொம்பப் பயம். வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்று சில்வர் நைட்ரேட் வாங்கி வராதீர்கள். கையில் பட்டால் கறுப்புக் கறை, சோப்புக்குப் போகாது. கரைசல் கெட்டியாக இருந்தால் தோலே வெந்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்!